உலர் எடை

நாலேகால்.
பகாவ் பெரிய சாலையில் இன்னும் நாய்கள்தான் முதலாளிகள்.
வேனைக் கிளப்பினால் அது முதலில் இருமும்,
பிறகு நான்.

ஐம்பது வயதில்
விருப்ப ஓய்வு என்ற தாளில் கையெழுத்திட்டேன்.
விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.
பதினேழாவது மாடியில் கேக் வெட்டினார்கள்.
கிரீமில் எழுதிய என் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
இருபத்தாறு வருடம். அதையும் தின்றோம்.

வந்த பணத்தில் பாதி, இந்த வேன்.
ஓர் இருக்கையைக் கழற்றிச் சாய்வுப் பலகை வைத்தேன்,
சக்கர நாற்காலி ஏற.
பேங்க்கில் ஒரு பையன் கேட்டான், என்ன பிசினஸ் மேடம்?
தோட்டங்களிலிருந்து டயாலிசிஸுக்கு
ஆள் ஏற்றி இறக்குவது.
வாரம் மூன்று நடை, போக வர இருபது வெள்ளி.
சேரிட்டியா?
இல்லை தம்பி. சேரிட்டி என்றால்
டயர் மாற்ற யாரிடம் போய் நிற்பது?

செம்பனைக்குள் இருட்டு வேறு இருட்டு.
வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் பாதை பிறக்கும்.
ஆலையின் புளித்த வாடை வந்தால்
மூணாவது டிவிஷன் என்று அர்த்தம்.
தனபாக்கியம் பிளாஸ்க்கோடு நிற்பார்.
தண்ணீர் இல்லை அதில், ஐஸ் கட்டி மூன்று,
பகல் முழுக்க எண்ணிச் சப்புவதற்கு.
பாக் சமாட் ஏறும்போதே தூங்கிவிடுவார்.
ஆ கிம் என்னைத் தவுக்கே என்பாள், சிரிக்காமல்.
பசியாறிட்டியா என்று கேட்பவர் சன்னாசி மட்டும்.

அவருடைய பாரத்தை நிரப்பும்போதுதான்
மனைவி பெயரைச் சொன்னார்.
செல்லப்பாப்பு. காலமாகிவிட்டாள்.
என் பேனா நின்றது.
எத்தனை கோப்புகளை மறந்தவள் நான்,
இதை மறக்காததற்குக் காரணம் பெயர்தான்.
அதைச் சொல்லி மதியச் சாப்பாட்டில் சிரித்தோம்.
இனிப்பு நீர் இருந்ததை அறிவிக்கவில்லை,
ஆகவே நிராகரிக்கப்படுகிறது.
கீழே நீல மையில் நான்.

மூன்று வாரம் விழுங்கிக்கொண்டே ஓட்டினேன்.
பிறகு ஒரு நாள், எல்லாரையும் இறக்கிவிட்டு வரும் வழியில்,
அவர் மட்டும் மிச்சம் இருக்கையில், சொல்லிவிட்டேன்.
ஆலைச் சந்திப்பு வரைக்கும் பேச்சில்லை.
குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது.
அதன் பின்னாலேயே கண்ணை வைத்துச் சொன்னார்:
"அப்ப நாளன்னிலேர்ந்து முன் சீட்டு எனக்கு."
ஏர்கோன் அங்கேதான் ஒழுங்காக வரும்.

மன்னிப்பா அது, தெரியாது.
இருபது வெள்ளியை இன்னும் எண்ணித்தான் தருகிறார்.
நானும் எண்ணித்தான் வாங்குகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம்
மூணாவது டிவிஷனில் பிளாஸ்க் இல்லை.
மூன்றாம் நாளே வேறு தோட்டத்திலிருந்து போன்:
இடம் காலி ஆச்சாமே, மிஸ்?
இரவு கணக்கைத் திறந்தேன்.
ஒரு வரியை அழித்தேன், இன்னொன்றைச் சேர்த்தேன்,
கூட்டல் அசையவே இல்லை.
இதே கூட்டலைத்தான் பதினேழாவது மாடியிலும் பார்த்தேன்.
அங்கே யாருடைய ஐஸ் கட்டியும்
எனக்கு எண்ணத் தெரியாது.

அம்மா, சந்தோஷமா இருக்கியா என்றாள் மகள் போனில்.
இந்த மாசம் நாற்பது வெள்ளி மிச்சம் என்றேன்.
சந்தோஷத்துக்கு அவள் வேறு சொல் எதிர்பார்த்திருப்பாள்.

மையத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்
நிறுத்துப் பார்ப்பார்கள்.
வித்தியாசம் வெறும் தண்ணீர்.
தண்ணீர் போக மிச்சம் உலர் எடை,
அது அவரவர் அட்டையில் எழுதியிருக்கும்.
இன்று சன்னாசி தராசை விட்டு இறங்கி,
கையில் பஞ்சை அழுத்தியபடி,
"நீ ஏறு" என்றார்.
எழுபத்தொன்று.
"உன் உலர் எடை என்ன?"
"யாரும் எழுதித் தரலையே."
"செருப்பைக் கழட்டிட்டு ஏறு, முதல்ல."

மணி பத்தரை.
இரண்டாவது நடைக்கு முன்னால்
எண்ணெய் போட வேண்டும்.